ரைசன் 7 9800எக்ஸ்3டி: கடலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் கணினி பொருத்திக் கொடுக்கிறேன். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர் (கணினியின் மூளை) 2024 நவம்பர் 7 அன்று விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து கடலூர், புதுச்சேரி, சிதம்பரம், பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இதைப் பற்றியே கேட்கிறார்கள். கடையில் நின்றபடி சொல்லும் பதிலில் பாதி விடுபட்டுப் போகிறது. அதனால் இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன். இதை எழுத உட்கார்ந்தது ஒரு மே மாதத்தில், அக்னி நட்சத்திர வெயிலில். வெயிலைப் பற்றிய பதில் மற்றவற்றைவிட நீளமாக இருந்தால் காரணம் அதுதான்.

இந்தப் பிராசசரில் அப்படி என்ன சிறப்பு?

பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்த்தால் எதுவும் தெரியாது. எட்டு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), பதினாறு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 4.7 முதல் 5.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை வேகம், 120 வாட். இதே எட்டு கோருடன் 2024 ஆகஸ்டில் வந்த 9700எக்ஸ் 5.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும், விலையும் குறைவு. ஆனாலும் கணினி விளையாட்டுகளில் 9800எக்ஸ்3டிதான் முந்துகிறது. அதன் மூன்றாம் நிலைக் கேஷ் நினைவகம் 96 எம்.பி.; 9700எக்ஸில் அது 32 எம்.பி. மட்டுமே.

கேஷ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சமையலறையைக் காட்டுவேன். தாளிக்கும்போது கடுகும் சீரகமும் அஞ்சறைப் பெட்டியில் கையருகே இருக்கின்றன. அதில் தீர்ந்தால் அலமாரியில் டப்பா இருக்கிறது. அங்கும் இல்லையென்றால் அடுப்பை அணைத்துவிட்டு மளிகைக் கடைக்குப் போக வேண்டும். கணினியின் முதன்மை நினைவகமான ரேம்தான் அந்த மளிகைக் கடை. 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு ஒரு துடிப்பு 0.2 நானோ வினாடி. ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர ஏறத்தாழ 80 நானோ வினாடி ஆகிறது. அதாவது, 400 துடிப்புகள் கோர் சும்மா நிற்கிறது. மூன்றாம் நிலைக் கேஷில் அதே தகவல் இருந்தால் பத்து நானோ வினாடியை ஒட்டிக் கிடைத்துவிடும். மூன்றாம் நிலைக் கேஷ் என்ற அலமாரி மும்மடங்கு பெரிதானதால் கடைக்கு ஓடும் தடவைகள் குறைந்துவிட்டன. ஜிகாஹெர்ட்ஸ் குறைவாக இருந்தும் வேகம் கூடியது இப்படித்தான்.

முந்தைய 7800எக்ஸ்3டியிலும் 96 எம்.பி. இருந்ததே. என்ன மாறியது?

2023 ஏப்ரலில் வந்த 7800எக்ஸ்3டியில் 64 எம்.பி. கூடுதல் கேஷ் தனிச் சில்லாக, கோர்கள் இருக்கும் சில்லின் தலைமேல் ஒட்டப்பட்டிருந்தது. கோரின் சூடு அந்த அடுக்கைத் தாண்டித்தான், சூட்டை வெளியேற்றும் கூலருக்குப் போக முடிந்தது. அதனால் வேகத்தை 5.0 ஜிகாஹெர்ட்ஸில் நிறுத்தினார்கள். வெப்ப எல்லையை 89 டிகிரியில் வைத்தார்கள். பயனர் வேகத்தைக் கூட்டவும் வழியில்லை.

9800எக்ஸ்3டியில் அடுக்கைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். கேஷ் கீழே போய்விட்டது, கோர்கள் மேலே வந்துவிட்டன. தலையோடு போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துக் கீழே பாயாக விரித்தது போல. கோர்களுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இப்போது கேஷ் சில்லைத் துளைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். அதைச் செய்து காட்டியிருக்கிறார்களே, அந்தப் பொறியியலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பலன்: வெப்ப எல்லை 95 டிகிரி, அடிப்படை வேகத்தில் 500 மெகாஹெர்ட்ஸ் உயர்வு, பயனரே வேகத்தைக் கூட்டக்கூடிய பூட்டில்லாத பிராசசர்.

விளையாட்டுகளில் சராசரியாக 8 சதவீதம் கூடுதல் வேகம் என்று ஏ.எம்.டி. சொல்கிறது. எனவே 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டாம். வந்து கேட்டவர்களையும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என் வேலைக்கு இது தேவையா?

கேட்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தேவையில்லை என்பதே என் பதில்.

டேலி, எக்செல், ஜி.எஸ்.டி. தாக்கல், தமிழ் தட்டச்சு ஆகியவற்றுக்கு இதை வாங்குவது பணத்தைக் கெடிலம் ஆற்றில் போடுவதுதான். நான்கு கோர் உள்ள இன்டெல் ஐ3-12100 போதும். மிச்சப் பணத்தில் நல்ல எஸ்.எஸ்.டி.யும் கண்ணைக் கெடுக்காத திரையும் வாங்குங்கள். வீட்டு வரைபடம் போடும் ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரே கோரை நம்பியே ஓடுகிறது. அதற்கு ஏ.எம்.டி.யின் ஆறு கோர் 9600எக்ஸ் நிறைவாகச் செய்யும். ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைப்பவர்கள் கோப்பு திறக்க நேரமாகிறது என்று வருவார்கள். திறந்து பார்த்தால் 8 ஜி.பி. ரேம் இருக்கும். அதை 32 ஆக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும். பிராசசரைத் தொடவே வேண்டாம்.

கல்யாண வீடியோ தொகுப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போதைய கேமராக்கள் பலவற்றில் 4:2:2, 10 பிட், எச்.265 என்ற வகையில் பதிவு செய்கிறீர்கள். அந்த வகையைப் பிரித்துக் காட்டும் வசதி இன்டெல் பிராசசரில் உள்ள குவிக் சிங் என்ற வீடியோப் பகுதியில் இருக்கிறது, 9800எக்ஸ்3டியில் இல்லை. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை கிராபிக்ஸ் அட்டை வாங்கினால் அதிலும் கிடைக்கும். அட்டைக்குப் பணமில்லை, முகூர்த்த மாதத்தில் வேலை தேங்கக் கூடாது என்றால், 20 கோர் உள்ள இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே உங்களுக்குப் பொருத்தம். ஒரு ஸ்டுடியோக்காரர் விளையாட்டுச் சோதனை எண்களைக் காட்டி 9800எக்ஸ்3டிதான் வேண்டும் என்று நின்றார். அவருடைய கேமராக் கோப்பையே இரண்டு கணினிகளில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் மனம் மாறினார். உங்கள் கோப்பை ஒரு பென் டிரைவில் கொண்டுவாருங்கள்; பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவர்களுக்குக் கிராபிக்ஸ் அட்டையின் நினைவகமே முதல் கவலையாக இருக்கட்டும்.

விளையாட்டுக்கு மட்டும் என்றால்?

அப்போது இது மிக நல்ல தேர்வு. ஆனால் எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பது முக்கியம். கவுன்டர்-ஸ்டிரைக் 2 போல நொடிக்கு நூற்றுக்கணக்கான பிரேம்கள் தேவைப்படும் போட்டி விளையாட்டு, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ போல ஆயிரம் பொருள்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் விளையாட்டு ஆகியவற்றில் பெரிய கேஷின் அருமை தெரியும். சராசரி பிரேம்களைவிட, நடுநடுவே திக்கித் திணறுவது குறைவதே கண்ணுக்கு முதலில் படும்.

4கே திரையில் விளையாடுகிறீர்கள் என்றால் சுமை முழுவதும் கிராபிக்ஸ் அட்டைமேல் விழுகிறது. அங்கே 9600எக்ஸுக்கும் இதற்கும் வித்தியாசம் பெரும்பாலும் மிகச் சிறியதாகிவிடும். பிராசசரில் மிச்சம் பிடித்து அட்டையில் போடுங்கள்.

கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் ஓடுமா?

ஓடும். உள்ளே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. திரையில் படம் காட்டும், வீடியோ பார்க்கலாம். விளையாட அது போதாது.

நம் ஊர் வெயிலில் தாங்குமா?

தாங்கும். ஆனால் அதற்கு நீங்கள் சிலவற்றைச் செய்ய வேண்டும். இதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சோதனை வீடியோக்களில் '75 டிகிரிதான் வருகிறது' என்று காட்டுவார்கள். அந்த அறையில் ஏ.சி. ஓடுகிறது, காற்று 22 டிகிரி இருக்கலாம். கூலர் என்பது சுற்றியுள்ள காற்றைக்காட்டிலும் பிராசசர் எவ்வளவு கூடுதலாகச் சூடாகிறது என்பதை மட்டுமே கட்டுப்படுத்தும். 22 டிகிரி அறையில் 75 என்றால் கூடுதல் 53. கடல்காற்று பிற்பகலில் உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்குக் காற்று அதைத் தடுத்துவிட்டால் கடலூரில் 40 டிகிரி அடிக்கும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் மாலை ஆறு மணிக்கும் 37 டிகிரி நிற்கும். 37-உடன் 53-ஐக் கூட்டுங்கள்: 90. எல்லையான 95-க்கு ஐந்து டிகிரிதான் மிச்சம். அதைத் தொட்டால் பிராசசர் எரிந்துபோகாது; தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய வேகம் மே மாதத்தில் உங்களுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

இதன் பெட்டிக்குள் கூலர் வராது. தனியாக வாங்க வேண்டும். இரட்டைக் கோபுர ஏர் கூலர் போதும். தண்ணீர் கூலரும் கடைசியில் இதே அறைக் காற்றில்தான் சூட்டை விட வேண்டும். அதனால் அதிசயம் எதுவும் நடக்காது, பம்ப் என்ற இன்னொரு பழுதாகும் பாகம்தான் கூடும்.

அடுத்து மேசை. நம் வீடுகளில் கணினி மேசை என்றால் கேபினட்டை வைக்கக் கதவு போட்ட ஒரு பெட்டி இருக்கும். பின்பக்கம் ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. தயவுசெய்து கேபினட்டை அதற்குள் வைக்காதீர்கள். வெளியேறிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். ஓடும் கணினிமீது பூப்போட்ட உறையைப் போர்த்தி வைக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். நிறுத்திய பிறகு போர்த்துங்கள்.

மூன்றாவது, ஈகோ மோட். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) இதை 65 வாட் என்று வைத்தால், பிராசசர் இழுக்கும் மின்சாரம் அதிகபட்சம் 88 வாட்டில் நின்றுவிடும். சாதாரணமாக இது 162 வாட் வரை போகலாம். பெட்டியில் உள்ள 120 வாட் என்பது உச்சவரம்பு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பெரும்பாலான விளையாட்டுகள் 88 வாட்டைத் தாண்டுவதே இல்லை. எனவே இழப்பு மிகக் குறைவு. ஏ.சி. இல்லாத அறைக்குப் போகும் கணினிகளை நான் இப்படி வைத்தே கொடுக்கிறேன்.

ஒரு கல்லூரி மாணவர் வேறொரு கடையில் பொருத்திய கணினியைக் கொண்டுவந்தார். இயக்கி ஒரு நிமிடத்தில் 95 டிகிரி. பிராசசர் கோளாறு என்று சொல்லி, புதிது வாங்கச் சொன்னார்களாம். கூலரைக் கழற்றினேன். அடியில் 'பொருத்தும் முன் நீக்கவும்' என்ற பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. அந்தப் பையனின் அப்பா தென்பெண்ணைக் கரையில் மீன் வலை பழுதுபார்ப்பவர். அவர் பணத்தை வீணடிக்க இருந்தார்களே என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. புதிய கணினி வாங்கினால், வெப்ப அளவைக் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? யு.பி.எஸ். எது போடுவது?

250 வாட் கிராபிக்ஸ் அட்டையுடன் விளையாடும்போது முழுக் கணினியும் சேர்ந்து சுமார் 400 வாட் இழுக்கும். தினமும் மூன்று மணி நேரம் என்றால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72. 2025 நிலவரப்படி தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் முக்கால் பங்கை இதுவே எடுத்துக்கொள்ளும் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைகளில் சகஜமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது 360 வாட்தான். விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். 1,000 வி.ஏ.க்கு மேல் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் உள்ள சிறு சுவிட்சை 'யு.பி.எஸ்.' பக்கம் தள்ளி வையுங்கள். மாற்றிக்கொள்ளும் நேரம் குறையும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீரென்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீசியனை அழையுங்கள், அதுவரை கணினியைப் போடாதீர்கள்.

கடல் காற்றால் கெடுமா?

கெடும். தேவனாம்பட்டினம், தாழங்குடாவிலிருந்து வரும் கணினிகளில் ரேம் முனைகளிலும் திருகாணிகளிலும் பச்சை படிந்திருக்கும். உப்புத்தூள் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. கணினி ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் கணினிதான் சீக்கிரம் கெடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள். காற்று உள்ளே வரும் பக்கம் வலைத் தடுப்பு போட்டு மாதம் ஒரு முறை கழுவுங்கள்.

புயல் அறிவிப்பு வந்தால் மின் பிளக்கை மட்டுமல்லாமல் இன்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள். இடி அந்த வழியாகவும் வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி ஊருக்குள் வந்தது. அந்த வாரத்தில் நனைந்த கணினிகள் என்னிடம் வரிசையாக வந்தன. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுகிறதா' என்று சுவிட்சைப் போட்டுப் பார்த்தவர்கள் மதர்போர்டை இழந்தார்கள். போட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டுவந்தவர்களுக்குப் பிராசசரும் ரேமும் பெரும்பாலும் பிழைத்தன. நனைந்த பவர் சப்ளையை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

எந்த மதர்போர்டு, எவ்வளவு ரேம்?

பிராசசர் உட்காரும் சாக்கெட் ஏ.எம்.5 வகையாக உள்ள போர்டு எதுவும் பொருந்தும். பி650 அல்லது பி850 போதும். விலை உயர்ந்த எக்ஸ்870 போர்டு வாங்கினால் பிராசசர் வேகமாக ஓடாது. இந்தச் சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் தொடர்வதாக ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது, போர்டை வைத்துக்கொண்டே பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றலாம். பழைய பி650 போர்டானால் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பிராசசரை அடையாளம் காணாது.

ரேம் 16 ஜி.பி.யில் இரண்டு வாங்குங்கள்: டி.டி.ஆர்.5 வகை, 6000 வேகம். நான்கு ரேம் குச்சி போடாதீர்கள். நான்கு போட்டால் ஏ.எம்.டி. உறுதி தரும் வேகம் 5600-இலிருந்து 3600-க்கு இறங்கிவிடும். ஒற்றைக் குச்சி அதைவிட மோசம். மளிகைக் கடைக்குப் போகும் பாதையில் பாதியை அடைத்த மாதிரி.

பொருத்தி முடித்து சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றுமே வரவில்லையே?

காத்திருங்கள். முதல் முறை இயக்கும்போது டி.டி.ஆர்.5 ரேமுடன் பிராசசர் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். பயந்து நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் அது முடியவே முடியாது.

இன்டெல் எப்படி?

2024 அக்டோபர் 24 அன்று வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை மின்சாரத்தை முந்தைய தலைமுறையைவிடச் சிக்கனமாகச் செலவிடுகிறது. வீடியோ, ரெண்டரிங் வேலைகளில் நல்ல பலம். விளையாட்டில் 9800எக்ஸ்3டியிடம் பின்தங்குகிறது. 13, 14ஆம் தலைமுறையைப் பழையதாக வாங்குபவர்கள் கவனமாக இருங்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் அவற்றில் பல பழுதாயின. இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (பிராசசரின் உள் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் திருத்தத்துக்கு முன்பே சேதமான பிராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

பதினைந்தாயிரத்துக்கு 'ஐ7 கணினி' என்கிறார்களே, வாங்கலாமா?

எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். அலுவலகங்கள் கழித்த கணினிகளில் பெரும்பாலும் 2011-இல் வந்த ஐ7-2600 இருக்கும். 2022-இல் வந்த ஐ3-12100 அதை எளிதாக முந்திவிடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தப் பழைய பிராசசரை ஏற்காது. ப்ளஸ் டூ முடித்த மகனுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வரும் அம்மாக்களிடம் 'ஐ7' என்ற ஒரு சொல்லை வைத்து இதை விற்பது அநியாயம்.

புதுச்சேரியில் வாங்கினால் வரி குறைவு என்கிறார்களே?

அது பழைய கதை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, கடலூரிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பிராசசருக்கு 18 சதவீதம்தான். கன்னியக்கோயில் தாண்டிப் போவதால் வரியில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. யாராவது இரண்டாயிரம் குறைவாகச் சொன்னால் பில் தருகிறாரா என்று பாருங்கள். அறிமுக விலை 479 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 40,000 ரூபாய், வரி சேர்த்தால் 47,500 அளவு. மற்ற கடைகளின் இன்றைய விலையைவிட மிகவும் குறைவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முத்திரை பிரியாத பெட்டி. மூன்றாண்டு உத்தரவாதம் பெட்டியோடு வருவதற்குத்தான். பெட்டியில்லாமல் தட்டில் வரும் பிராசசருக்குக் கடைக்காரர் சொல்வதே உத்தரவாதம். பெட்டியின் ஜன்னல் வழியே தெரியும் எழுத்தைப் படியுங்கள், வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இப்போது ஊசிகள் பிராசசரில் இல்லை, மதர்போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, மொத்தம் 1,718. அதனால் போர்டின் மூடியைத் திறக்கச் சொல்லி, ஊசிகள் ஒரே சீராக நிற்கின்றனவா என்று கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊசி வளைந்திருந்தாலும் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு அதை யார் வளைத்தது என்று உங்களால் நிரூபிக்க முடியாது.